ஊருக்குச் சோறு போட்ட பாட்டிகள் வீட்டில் எப்படி இருந்தார்கள்?

18 ஜனவரி 2025, காலை (வாசகர் கேள்வி)

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். வளரும்தான். கவனிக்க ஆள் இல்லாவிட்டால் தானேதானே வளர்ந்தாக வேண்டும்? கோயில், மடம், அன்னதானம் என்று காலத்தைக் கழித்த பாட்டிகள் கண்ணை மூடியதும் படத்துக்கு மாலை போட்டுத் தெய்வம் ஆக்கிவிடுகிறோம். பெற்ற பிள்ளைகளைக் கேட்டு யாராவது நிஜத்தை எழுதுங்கள். புகழ்மாலை வேண்டாம்.

18 ஜனவரி, இரவு

என் ஆயாவை வைத்துச் சொல்கிறேன். அம்மாவைப் பெற்றவள். கடலூர்ப் பக்கம் பாட்டியை ஆயா என்போம். சென்னைக்கு வந்த புதிதில் "எங்க ஆயாதான் என்னைத் தூக்கி வளர்த்தது" என்று சொல்லப்போய், வேலைக்கு ஆள் வைத்து வளர்க்கப்பட்ட பணக்காரி என்று விடுதியில் பெயர் வாங்கியவள் நான்.

ஊர் பண்ருட்டிக்கும் வடலூருக்கும் நடுவில். செம்மண், முந்திரித் தோப்பு, வீட்டுக்கு நாலு பலா. ஆயா 2019 ஆவணியில் போய்ச் சேர்ந்தாள், வயது 85 என்று ஒரு கணக்கு. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து மாதம் ஒரு முறை, பூசத்தன்று, முதல் பஸ்ஸில் வடலூர் தருமச்சாலைக்குக் காய் நறுக்கப் போவாள். தருமச்சாலையில் அருவாமனை இருக்கும். ஆனாலும் தன்னுடையதைக் கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். "இன்னிக்கி யார வெட்டப் போற ஆயா?" என்பார் கண்டக்டர். "உன்னத்தான், மொதல்ல சில்லறையக் குடு" என்பாள்.

வெளியூர்க்காரர்களுக்கு: ராமலிங்க சாமி, அதாவது வள்ளலார், 1867 மே 23ஆம் தேதி (வைகாசி 11) அங்கே அடுப்பு மூட்டினார். அதே நெருப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. யார், என்ன சாதி, என்ன மதம் என்று கேட்காமல் பசித்து வந்தவர்களுக்குச் சோறு. ஆயா காய் நறுக்கி, பந்தி முடித்து, ராத்திரி வள்ளலார் கட்டிய ஞானசபையில் ஏழு திரை விலக ஜோதி பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் வருவாள்.

வீட்டைப் போட்டுவிட்டுப் போனாளா? இல்லை. விடிவதற்குள் மாடு கறந்து, சோறு வடித்து, குழம்பு வைத்து, மூடிவிட்டுத்தான் போவாள். என் பதில் இவ்வளவுதான். நீங்கள் நினைப்பது போல எல்லா வீட்டிலும் இல்லை.

19 ஜனவரி

திருத்தம். மாதப் பூசத்தில் விலகுவது ஆறு திரை. ஏழு திரையும் விலகுவது தைப்பூசத்தன்று மட்டும். கறுப்பில் தொடங்கி நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கடைசியில் கலப்பு நிறம். பெரியவர் ஒருவர் எழுதித் திருத்தினார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்கு என்றுமே நாலு திரைக்கு மேல் தெரிந்ததில்லை, முன்னால் நிற்பவர் தலைதான் தெரியும். அதை ஒரு சமாதானமாக வைத்துக்கொள்ளுங்கள்.

20 ஜனவரி

பெற்ற பிள்ளைகளைக் கேட்கச் சொன்னீர்களே என்று நேற்று அம்மாவுக்குப் போன் செய்தேன். முதல் நாள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "சோறு வடிச்சு வெச்சுட்டுப் போவா" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"சோறு இருந்துச்சு. அவ இல்ல."

அப்புறம் ஒரு மணி நேரம் பேசினாள். எனக்குத் தெரிந்த அம்மா ஆயாவைப் பற்றி ஒரு குறையும் சொல்லாதவள். எனக்குத் தெரியாத அம்மாவிடம் ஒரு பட்டியலே இருக்கிறது. முக்கியமான இரண்டை மட்டும் எழுதுகிறேன்.

ஒன்று, பெரியம்மாவுக்குத் தலைப்பிரசவம். 1979 தைப்பூசம். மகள் வலியில் கிடக்க, ஆயா வடலூரில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாளாம். அண்ணன் பிறந்த செய்தி பஸ் நிறுத்தத்தில்தான் அவளுக்குத் தெரிந்ததாம்.

இரண்டு, அம்மாவைப் பெண் பார்க்க வந்த நாள். 1984. அன்று பார்த்து மாதப் பூசம். மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் வருவதாகப் பேச்சு, மத்தியானமே வந்துவிட்டார்கள். ஆயா வந்து சேர்ந்தபோது எல்லாரும் காபி குடித்து முடித்தாயிற்று. வாழைக்காய்க் கறை ஏறி பத்து விரலும் கறுத்த கையோடு வந்து சம்பந்தியம்மாள் எதிரில் உட்கார்ந்தாள். "என்னம்மா கை இது?" என்று கேட்டுவிட்டார்கள். அந்த சம்பந்தியம்மாள்தான் என் அப்பாவைப் பெற்ற ஆயா. கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்தும், "உங்க அம்மா அன்னிக்கி வந்த கோலம்" என்று தீபாவளி தவறாமல் எடுப்பாள்.

ஆகவே 18ஆம் தேதி நான் எழுதிய கடைசி பத்தியை எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

20 ஜனவரி, பிறகு

அந்தப் பழமொழிக்கு வேறு பொருள் உண்டு என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். ஊரான் பிள்ளை என்பது மனைவியாம். மாசமாக இருக்கும்போது அவளை நன்றாகச் சாப்பிட வைத்தால் வயிற்றில் இருக்கும் தன் பிள்ளை தானே வளருமாம். சரி, நல்ல விளக்கம்தான். அம்மாவிடம் சொன்னேன். "அப்படின்னா அது ஆம்பளைக்குச் சொன்னது, எங்க அம்மாவுக்கு எதுக்கு?" என்றாள்.

22 ஜனவரி

பெரியம்மா போன் செய்தாள். அம்மா அவளிடம் எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறாள். திட்டு எனக்கு.

"பையன் பொறந்தது தைப்பூசத்துக்கு மொத நாள் ராத்திரி. அதுக்கு முன்ன பத்து நாளா உங்க ஆயா எங்கூடத்தான் கெடந்தா. விடிஞ்சதும், 'நீ இங்க ஒக்காந்து என்ன பண்ணப் போற, போய்ட்டு வா'ன்னு நான்தான் அனுப்பினேன். உங்க அம்மா அப்ப பாவாடை தாவணி, அவளுக்கு என்ன தெரியும்?"

தைப்பூசத்தன்று பிறந்தவன் என்றுதான் அண்ணனுக்குப் பெயரே வைத்தார்கள். நாற்பத்தாறு வருஷமாக அதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டிருப்பவனிடம் இதை யார் சொல்வது என்று தெரியவில்லை.

பெண் பார்த்த நாளைப் பற்றிக் கேட்டேன். அது நடந்தது என்றாள்.

23 ஜனவரி

பக்தி பற்றிக் கேட்டிருக்கிறார் ஒருவர். ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. வள்ளலார் பாடிய அருட்பெருஞ்ஜோதி அகவல் 1596 அடியும் காதால் கேட்டே மனப்பாடம் என்பாள். பள்ளி விடுமுறையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் சரிபார்த்திருக்கிறேன். நடுவில் ஒரு இருநூறு அடி காணாமல் போகும். சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். "புஸ்தகத்துல தப்பா போட்டிருப்பான்."

சன்மார்க்கத்தில், அதாவது வள்ளலார் வழியில், புலால் கூடாது. ஞானசபை வாசலிலேயே, கொலையும் புலையும் தவிர்த்தவர்கள்தான் உள்ளே வரலாம் என்று எழுதியிருக்கும். தாத்தாவுக்கோ கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. ஆயா சண்டை போட்டதில்லை, சமைத்துக் கொடுத்ததும் இல்லை. கொல்லையில் மூன்று கல் வைத்து அவரே சுட்டுக்கொள்வார். தைப்பூசத்துக்கு ஆயாவோடு வடலூர் வந்து, அந்த எழுத்துக்கு முன்னால் வந்ததும் நின்றுவிடுவார். "நீ போ, நான் செருப்பப் பாத்துக்கறேன்." எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லிக் கோயிலுக்குள் போகாத ஒரே ஆண்பிள்ளை.

அடுப்பை ராத்திரியில் அவள் அணைத்துப் பார்த்ததில்லை. தணலைச் சாம்பலால் மூடிவைத்து, விடியற்காலையில் ஊதி எழுப்புவாள். அது சாலையைப் பார்த்து வந்த வழக்கம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று அப்புறம் தெரிந்தது. தீப்பெட்டி மிச்சம்.

25 ஜனவரி

தாலி விஷயத்தை எழுதாமல் விட்டால் ஆயாவைப் பற்றி எழுதியதே ஆகாது.

தாத்தா 1996இல் போனார். எனக்குப் பத்து வயது. காரியத்துக்கு முதல் நாள் ராத்திரி, தாலியைக் கழற்றி வாங்க நாலு பெண்கள் ஆயாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆயா முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். "சாமி வேணாம்னு சொல்லியிருக்கு" என்றாள். கத்தவில்லை, அழவில்லை. ஒருத்தி கையை நீட்டினாள். ஆயா அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு விடவே இல்லை. விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்கு நினைவு. அம்மா அரை மணி நேரம்தான் என்கிறாள்.

வள்ளலார் அப்படிச் சொன்னது உண்மை. 1871இல் சன்மார்க்க அன்பர்களுக்குச் சொல்லி அனுப்பியதில் இருக்கிறது. கணவன் இறந்தால் மனைவி தாலி வாங்க வேண்டாம். மனைவி இறந்தால் கணவன் வேறு கல்யாணத்துக்கு முயற்சி செய்ய வேண்டாம். இறந்தவரை எரிக்காமல் புதைக்க வேண்டும். கருமாதி, திதி ஒன்றும் வேண்டாம், வந்தவர்களுக்கு ஒரு நாள் சோறு போட்டால் போதும். இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டியவர்கள் எத்தனை பேர் வீட்டில் செய்தார்கள் என்று பார்த்தால், எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் ஆயா ஒருத்திதான்.

இருபத்து மூன்று வருஷம் தாலியோடு இருந்தாள். கல்யாண வீடுகளில் அவளை எங்கே உட்கார வைப்பது என்று யாருக்கும் புரியாது. முன்னால் கூப்பிடவும் மனம் வராது, பின்னால் போ என்று சொல்லவும் முடியாது. அவளே சமையல்கட்டுக்குப் போய்விடுவாள்.

2011 டிசம்பர் 30 'தானே' புயலில் முந்திரி மொத்தமும் சாய்ந்தது. பலாவில் ஒன்று மிஞ்சியது. அந்த வருஷம் தாலியில் இருந்த குண்டும் காசும் அடகுக்குப் போயின, மாமா மகள் காலேஜ் பீஸுக்கு. திரும்பவில்லை. அதற்கப்புறம் மஞ்சள் கயிறும் ஒரு மஞ்சள் துண்டும்தான். சாலைக்கு அவள் ஒரு மூட்டை அரிசிகூடக் கொடுத்ததில்லை, இருந்தால்தானே கொடுப்பாள்? கையில் இருந்ததெல்லாம் வீட்டுக்குத்தான் போனது. கேள்வி கேட்டவர் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

25 ஜனவரி, பிறகு

ஆயாவை "அவள்" என்றும் தாத்தாவை "அவர்" என்றும் எழுதுகிறேனாம். ஆமாம். ஆயாவை "அவர்" என்று எழுதிப் பார்த்தேன், பக்கத்துத் தெரு டீச்சர் மாதிரி ஆகிவிட்டாள். அழித்துவிட்டேன்.

28 ஜனவரி

புதைத்தீர்களா எரித்தீர்களா என்று கேட்கிறீர்கள். எங்கள் வகையில் எரிப்பதுதான் வழக்கம். ஆயா புதைக்கச் சொல்லியிருந்தாள், இடம்கூடக் காட்டியிருந்தாள், மிஞ்சிய பலாவுக்குக் கிழக்கே. மாமா ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் என்ன சொல்லும், நாளைக்குத் தோப்பை விற்க முடியுமா என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். உள்ளேயிருந்து வந்தது யார் தெரியுமா? அம்மா. "சோறு இருந்துச்சு, அவ இல்ல" என்று சொன்ன அதே அம்மா. "அவ சொன்னத ஒரு நாளும் நாம கேட்டதில்ல, இத கேப்போம்" என்றாள். புதைத்தோம். மேளம் இல்லை. சன்மார்க்க அன்பர்கள் நாலு பேர் வந்து பாடினார்கள். பதினாறாம் நாளுக்குப் பதிலாக ஒரு நாள் ஊருக்குச் சோறு.

ஒரு வருஷம் கழித்து மாமா தானாகச் சொன்னார். யாருக்கும் தெரியாமல் கெடிலக் கரையில் ஐயரை வைத்துக் கருமாதி செய்துவிட்டாராம். "அம்மா சொன்னதும் ஆச்சு, எனக்குத் தூக்கம் வரணும்ல?" ஆயா இருந்திருந்தால் சிரித்திருப்பாள் என்று நினைக்கிறேன். இல்லை, திட்டியிருப்பாள். ஐயருக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டிருப்பாள்.

30 ஜனவரி

இரண்டு நாளாக ஒன்று உறுத்துகிறது. தொண்டு, தொண்டு என்று எல்லாரும் எழுதுகிறோம். பத்து வயதில் ஒரு முறை ஆயாவோடு போனேன். பத்துப் பதினைந்து பெண்கள் வட்டமாக, நடுவில் மலை மாதிரி கத்திரிக்காய். நெய்வேலிக்காரி ஒருத்தி, விருத்தாசலத்துக்காரி ஒருத்தி, குறிஞ்சிப்பாடி அக்காதங்கச்சி இரண்டு பேர். அங்கே ஆயா பேசிய பேச்சும் சிரித்த சிரிப்பும் வீட்டில் நான் பார்த்ததே இல்லை. மருமகள் கதை, மாமியார் கதை, யார் வீட்டுப் பசு கன்று போட்டது, எல்லாம் நடக்கும். கை மட்டும் நிற்காது. அவளுக்கு மாதத்தில் ஒரு நாள் லீவு அது. அதைத் தியாகம் என்றால் அவளுக்கே விளங்காது.

இன்னொன்று. அங்கே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வீட்டில் தாத்தாவுக்கு அவள் "இந்தா", பிள்ளைகளுக்கு அம்மா, எங்களுக்கு ஆயா. அவளுக்கு ஒரு பெயர் உண்டு என்று எனக்குத் தெரிந்ததே அந்த வட்டத்தில்தான். அதை இங்கே போட மாட்டேன்.

2 பிப்ரவரி

பெரியம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் ஒன்று கேட்டேன். ஆயா ஏன் பரிமாறவே மாட்டாள்? காய் நறுக்குவாள், எச்சில் இலை எடுப்பாள், பரிமாறச் சொன்னால் நகர்ந்துவிடுவாள். சாப்பிடுவதும் வேலை செய்கிறவர்களோடு இல்லை, கடைசிப் பந்தியில் பரதேசிகள், பிச்சைக்காரர்களோடு தரையில் உட்கார்ந்து. மாமாவுக்கு அதில் தீராத வெட்கம்.

பெரியம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள். "அது அவ எடம்டி."

1964. தாத்தா முந்திரி மரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து ஆறு மாதம் படுத்துவிட்டார். கூலிக்குப் போக ஆயாவுக்கும் வழியில்லை, படுத்தவரைப் பார்க்க வேண்டும். கடன் கொடுத்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள் ஏழு வயது பெரியம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு வயது அம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வடலூருக்கு நடந்தாள். பந்தியில் உட்கார்ந்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தாத்தாவுக்கு ஒரு தூக்கில் வாங்கி வந்தார்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஆறு மாதம்.

"பரிமாறுனவங்க மொகம் எனக்கு ஞாபகமில்ல. எல எடுத்த கெழவிய ஞாபகம் இருக்கு. நான் இன்னும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்னு எம் பக்கத்துலயே நின்னுச்சு, அவசரப்படுத்தல."

இதை ஆயா யாரிடமும் சொன்னதில்லை. பெரியம்மா அம்மாவிடம்கூடச் சொன்னதில்லையாம். "சின்னவளுக்கு எதுக்கு?"

3 பிப்ரவரி

"அப்போ அது நன்றிக்கடன்" என்று ஒருவர் முடித்துவிட்டார். எனக்கு ஒட்டவில்லை. கடன் என்றால் ஒரு நாள் அடைந்து முடியும். ஐம்பத்தைந்து வருஷமா அடைப்பார்கள்? போன வாரம் நான் எழுதிய லீவு, சிரிப்பு எல்லாம் பொய்யாகிவிடவில்லை. முதலில் பசிக்குப் போனாள், பிறகு பழகிவிட்டது, பிறகு பிடித்துவிட்டது. வாழைக்காய்க் கறையோடு வந்து அம்மாவைத் தலைகுனிய வைத்ததும் அவள்தான். ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க எனக்கு மனமில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது பெரியம்மா.

12 பிப்ரவரி

நேற்று தைப்பூசம். அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வடலூர் போனேன். அம்மா கல்யாணத்துக்கு அப்புறம் அங்கே கால் வைத்ததில்லை. சபையைச் சுற்றி எள் போட்டால் எள் விழாத கூட்டம், ஏழாவது திரை விலகியபோது எனக்கு ஒரு வெளிச்சக் கீற்றும் ஐம்பது செல்போனும் தெரிந்தன. பெரியம்மா முழுசாகப் பார்த்தேன் என்கிறாள், அவள் உயரத்துக்கு நான் நம்பவில்லை.

நிறைய அன்னதானக் கொட்டகைகளில் இப்போது பாக்குமட்டைத் தட்டு. ஒன்றில் இலை போட்டிருந்தார்கள், அங்கே உட்கார்ந்தோம். அம்மா ரசத்தில் உப்பு குறைவு என்றாள், இரண்டாவது முறையும் வாங்கிக்கொண்டாள். எழுந்திருக்கும்போது தன் இலையை மடித்துக் கையில் எடுத்தாள். பக்கத்து இலையையும் எடுத்தாள். அடுத்ததற்குக் குனிந்தபோது ஒரு பையன் ஓடி வந்து, "விடுங்கம்மா, நாங்க இருக்கோம்" என்றான். கொடுத்துவிட்டாள்.

எனக்கு இன்று ஆபீஸ், ராத்திரியே பஸ் ஏறிவிட்டேன். அம்மா வரவில்லை. நாளைக்கு மேட்டுக்குப்பத்தில், வள்ளலார் கடைசியாக உள்ளே போன அறையில், திருவறை தரிசனம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று பெரியம்மா வீட்டில் தங்கிவிட்டாள்.

16 பிப்ரவரி

அம்மா ஊரிலிருந்து வந்துவிட்டாள். நான் எழுதியது எல்லாவற்றையும், 2ஆம் தேதி எழுதியதையும் சேர்த்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்கப் படித்தாள். சாயங்காலம் போனைத் திருப்பிக் கொடுத்து ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். பெண் பார்க்க வந்த அன்று ஆயா கையில் இருந்தது வாழைக்காய்க் கறை இல்லையாம். வாழைப்பூ.